எழில் திருத்திய வாக்குமூலம்

இங்கிலீஷ் பிழையில்லாமல் இருந்தால் சேதியும் பிழையில்லாமல் இருக்கும் என்று உங்களிடம் யார் சொன்னது? அழகாக டைப் அடித்து முத்திரை குத்திய தாளைக் கண்டதும் பாதி நம்பிவிடுகிறீர்களே, எதற்காக?

எழிலும் அப்படி நம்பியவள்தான். சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வைத்து டிடிபி கடை நடத்தினாள். பள்ளிக்கூடம் போகும் வயதில் தீப்பெட்டி ஒட்டியவள், பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்தாள். பட்டாசுக் கம்பெனிகள் வடநாட்டு வியாபாரிகளுக்கு அனுப்பும் கடிதங்களும், பெட்டிமேல் அச்சிடும் எச்சரிக்கைகளும் அவள் கைக்கு வந்துதான் நேராகும். பத்து வரிக்கு நீளும் வாக்கியத்தை நான்காக வெட்டுவாள். 'மேற்படி', 'மேற்கண்டவாறு' வகையறாவை எல்லாம் தயவில்லாமல் அடிப்பாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வாக்கியத்தையும் திருத்துமுன் அதைத் தமிழில் சத்தமாகச் சொல்வாள். பக்கத்தில் இருப்பவருக்கு அது விளங்க வேண்டும். பெரும்பாலும் மாட்டிக்கொள்பவர் டீ கொண்டுவரும் நாகையா.

"ராக்கெட்டை பாட்டிலில் வைத்து, கொளுத்தி, உடனே உயரே செல்லவும்" என்று ஒருநாள் ஒரு பெட்டி வாசகத்தைச் சொன்னாள்.

"அப்ப ராக்கெட்டு அங்கனயே நிக்கும், கொளுத்துனவன் மேல போயிருவான். நல்ல கம்பெனிதாம்மா!" என்றார் நாகையா.

அந்த வாசகம் அன்றே மாறியது.

2005ஆம் வருஷம், தீபாவளி ஆர்டர் நெருக்கிய நேரம். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறை வெடித்து பாண்டி என்ற தொழிலாளி செத்துப்போனான், மற்றவர்கள் தீக்காயத்தோடு தப்பினார்கள். ஒன்பதாம் நாள் கம்பெனி மேனேஜர் லட்சுமிகாந்தம், பாண்டியின் மனைவி அய்யம்மாளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். அய்யம்மாளும் அதே கம்பெனியில் பக்கத்து அறையில் திரி வைக்கிறவள். மேனேஜர் ஒரு ஃப்ளாப்பியை நீட்டினார்.

"எழிலு, இந்தம்மாவோட வாக்குமூலம். இங்கிலீஷு அங்கங்க இடறுது. சீராக்கிக் குடு தாயி. நாளைக்கு விசாரணைக்கு அதிகாரி வாராக. அது கைநாட்டு வச்சிரும், வேலை முடிஞ்சிரும்."

அய்யம்மாள் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எழில் ஃபைலைத் திறந்தாள். நாகையா இன்னும் வரவில்லை. வழக்கப்படி பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள்.

"பலமுறை எச்சரித்தும் கேளாமல், என் கணவர் அறைக்குள் பீடி பற்ற வைத்தார். அதனால் தீப்பிடித்தது."

அய்யம்மாள் நிமிர்ந்தாள். "யாரு பீடி குடிச்சா?"

"உங்க வீட்டுக்காரருன்னு போட்டிருக்குக்கா."

"எம் புருசனா? பீடி வாடையே ஆகாது அந்த மனுசனுக்கு. பஸ்ஸுல எவனும் பத்த வச்சா எறங்கி நடந்து வருவாரு. செத்தவரு எந்திரிச்சு வந்து கேக்க மாட்டாருன்னு நெனப்பா மேனேசரய்யா?"

"ஏம்மா, அது சும்மா ஒரு வழக்கத்துக்கு எழுதுறது" என்றார் லட்சுமிகாந்தம். "அவன் விதி முடிஞ்சிருச்சு, போயிட்டான். கம்பெனி நடக்கணுமில்ல?"

எழில் அடுத்த பத்திக்குப் போனாள். அங்கே பாண்டியின் பேர் இருக்க வேண்டிய ஓரிடத்தில் மொக்கைச்சாமி என்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் இதே கம்பெனியில் செத்த ஆள் அவன். அந்த வாக்குமூலத்தையும் அவள்தான் திருத்தினாள். அன்றும் சத்தமாகச் சொன்னாள், நாகையாவிடம். அவருக்கு நன்றாக விளங்கியது. இழவு வீட்டுக்காரர் யாரும் கடையில் இல்லை. கம்பெனி அந்த ஃபைலை வைத்திருந்து, பேரை மாற்றி, தப்புந்தவறுமாக இரண்டு வரி சேர்த்து, ஓரிடத்தில் பேரை மாற்ற மறந்திருக்கிறது. பீடி அவளுடைய சுத்தமான, தெளிவான இங்கிலீஷில் இரண்டாவது பிணத்தின் வாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது.

"அண்ணாச்சி, விதின்னு சொன்னீகளே. ஒவ்வொரு தடவையும் பீடியோடதான் வருமா அந்த விதி?"

"உன்னய இங்கிலீஷத் திருத்தத்தான் சொன்னேன். விசாரிக்கச் சொல்லல."

"திருத்தத்தான் போறேன்." புதுப் பக்கம் ஒன்றைத் திறந்துவிட்டு அய்யம்மாளிடம் திரும்பினாள். "என்னக்கா நடந்துச்சு?"

அய்யம்மாள் சொன்னாள். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேர். உச்சி வெயிலில் மருந்து கலக்கச் சொன்னார்கள். சூடு தாங்காது என்று பாண்டி சொன்னதற்கு, லோடு சாயங்காலம் போகணும் என்று பதில் வந்தது. எழில் ஒவ்வொரு வரியாகத் தமிழில் அடித்தாள், வாசித்துக் காட்டினாள், பிறகு இங்கிலீஷில் அடித்தாள். அய்யம்மாள் இரண்டு இடத்தில் "அப்படி இல்ல தாயி" என்று நிறுத்தினாள். எழில் மாற்றினாள். கடைசியில் கட்டைவிரலை மையில் அழுத்தி அய்யம்மாள் தானே கைநாட்டு வைத்தாள். ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு மேனேஜர் அதற்குள் போய்விட்டிருந்தார். மறுநாள் அந்தத் தாளை அய்யம்மாளே அதிகாரி கையில் கொடுத்தாள்.

விசாரணை எட்டு மாதம் இழுத்தது. முடிவில் எழுதிய அறிக்கையில் ஒன்பது பேர் இருந்தார்கள், உச்சி வெயில் இருந்தது, பீடி இல்லை. கம்பெனி மறு வருஷமே திறந்துகொண்டது, அது வேறு அநியாயம். எழிலுக்கு மூன்று கம்பெனிகளின் வேலை நின்றுபோனது. அதைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை. அவளை அரித்தது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை எம். புதுப்பட்டிக்கு பஸ் ஏறி, மொக்கைச்சாமியின் மனைவி தங்கத்தாய் வீட்டைக் கண்டுபிடித்து, தன் கம்ப்யூட்டரில் கிடந்த பழைய வாக்குமூலத்தை வரிவரியாகத் தமிழில் சொன்னாள். தான் திருத்தியது என்பதையும் சொன்னாள்.

"இதுலயா நான் கைநாட்டு வச்சேன்? பணம் வாங்குன ரசீதுன்னுல்ல சொன்னாக" என்றாள் தங்கத்தாய். பிறகு, "இத மாத்த முடியுமா?" என்று கேட்டாள்.

முடியுமா என்று எழிலுக்கும் தெரியவில்லை. மனு எழுதினார்கள். அது இன்னும் ஏதோ ஒரு மேஜையில் கிடக்கிறது.

இங்கிலீஷ் தெரிந்தவரே, மனு வாங்கும் திங்கட்கிழமையில் விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கு ஒரு மணி நேரம் வாருங்கள். தனக்குத் தெரியாத மொழியில் தன் பேரில் எழுதிய தாளை மடித்துப் பிடித்தபடி யாராவது நிற்பார். பக்கத்தில் போய், கைநாட்டு வைக்குமுன் அதை அவருக்குத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள்.