பம்ப் செட் மாநாட்டில் கடவுள் வாழ்த்து

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் செஞ்சியில் ஒரு மாநாடு. பம்ப் செட் வாங்கிய விவசாயிகளுக்கு விஞ்ஞானம் சொல்லித் தருகிறார்களாம். நோட்டீஸைப் பார்த்தேன். பேச்சாளர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

ஒருவர் ரைஸ் மில் முதலாளி. ஒருவர் வக்கீல். தலைமை தாங்குபவர் பம்ப் செட்டைக் கிட்டப்போய்ப் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். ஆனால் பிரமுகர்... போதாதா?

பெண்களே இல்லையா? ஏன் இல்லை! கடவுள் வாழ்த்துக்கு நான். நன்றியுரைக்கு பிலோமினா.

பிலோமினா யார் தெரியுமோ? பக்கத்து வல்லத்துப் பெண். மதராஸில் எலெக்ட்ரிகல் என்ஜினியரிங் படித்துவிட்டு மின்சார இலாகாவில் வேலை பார்க்கிறாள். அந்த மேடையில் மோட்டாரைப் பற்றிப் படித்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு நன்றியுரை!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாநாட்டை நடத்தும் பஜார் இரும்புக்கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

“லேடீஸ்னா நன்றியுரைதானே டீச்சர்? கேக்க இனிமையா இருக்கும். மோட்டார் சமாசாரம்லாம் அந்தப் பொண்ணுக்கு இன்னாத்துக்கு?”

வக்கீலுக்கு மட்டும் இன்னாத்துக்காம்?

மாநாட்டன்றைக்கு அமாவாசை வேறு. மேல்மலையனூர் அம்மன் கோயில் ஸ்பெஷல் பஸ் ஹாரன் அடித்தால் பாதிக் கூட்டம் எழுந்து ஓடிவிடும். நன்றியுரையைக் காலி பெஞ்சுகள்தான் கேட்க வேண்டும்.

மேடையில் பிலோமினா என் காதோடு சொன்னாள். “போன மாசம் எங்க நைனாவ மோட்டார் கரண்ட்டு தூக்கி அடிச்சுடுச்சு டீச்சர். எர்த் கம்பியே போடல. கை இன்னும் சரியா வரல. இங்க வந்திருக்கிறவங்க நெறைய பேரு கொல்லியில, கெணத்து மோட்டாருல அதே கதைதான். அஞ்சு நிமிஷம் குடுத்தா சொல்லிடுவேன்...”

அஞ்சு நிமிஷம்! பிரமுகருக்கு மாலை போடவே அதைவிட அதிகம் ஆகும்.

என்னை மைக்குக்கு அழைத்தார்கள். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. தோளில் கிடந்த துண்டெல்லாம் கைக்கு வந்துவிட்டது. என்ன பக்தி! அப்போதுதான் எனக்கு உறைத்தது — கடவுள் வாழ்த்து முடியும்வரை யாரும் உட்கார மாட்டார்கள், வெளியே போக மாட்டார்கள், குறுக்கே பேசவும் மாட்டார்கள். எந்தப் பேச்சாளருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?

இரண்டு வரி பாடினேன். நிறுத்தினேன். “வாழ்த்து இன்னும் முடியலை. மீதியை என்ஜினியர் பிலோமினா சொல்வாங்க” என்று அவளை மைக் முன்னால் தள்ளிவிட்டேன்.

ஒரு கணம் திகைத்தாள். அப்புறம் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“வீட்டுக்குப் போனதும் மோட்டாருக்கு எர்த் கம்பி இருக்குதான்னு பாருங்க. இல்லன்னா சுவிட்ச்சத் தொடாதீங்க. எங்க நைனா ஈரக் கையோட தொட்டாரு...”

யாரும் அசையவில்லை. கும்பிட்ட கையோடு கேட்டார்கள். பிரமுகர் மட்டும் மெல்ல உட்காரப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுபடி நின்றுகொண்டார்.

“எர்த்துக்குக் குழி எங்கம்மா வெட்டணும்?” என்று சிங்கவரத்துக்காரர் ஒருவர் நின்ற இடத்திலிருந்தே கேட்டார். அதற்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் பிலோமினா உட்கார்ந்தாள்.

எனக்கு ஒரே பெருமை. இனிமேலாவது பெண்களைப் பேசக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். நினைக்கலாமோ?

நேற்று அடுத்த மாநாட்டுக்கு நோட்டீஸ் வந்தது. ரசாயன உரம் பற்றி. பேச்சாளர்கள் அத்தனை பேரும் பழையபடி ஆண்கள்.

கடவுள் வாழ்த்து — கிராமபோன் ரெக்கார்டாம்!