புகைப் பரணில் இருந்த கேசட்

நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். பள்ளிப் படிப்போடு நின்றவள். எழுதத் துணிந்ததற்குப் படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். எங்கள் கேசட் நூலகத்தைப் பற்றி வேறு யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், அமிர்திப் பக்கத்திலிருந்து ஜவ்வாது மலை மேலிருந்த ஒரு சேவை நிலையத்துக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போனேன். மலைக்காரர்களின் பாட்டுகளையும் கதைகளையும் பதிந்து, அங்கே ஒரு இரும்பு பீரோவில் அடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் எனக்கே வந்தது. ஈரம் ஏறாமலிருக்க உள்ளே சுண்ணாம்புக் கட்டி வைப்பேன். நாடா ஒட்டிக்கொள்ளாமலிருக்க மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் ஓட்டித் திருப்புவேன். கேட்பவர்களுக்குக் கேசட்டோடு ஒரு சின்ன டேப்ரெகார்டரும் கொடுத்தனுப்புவோம். கெட்டுப்போய் ஒன்று திரும்பி வந்தாலும் வெளியே கொடுப்பதை நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் கீழே அலுவலகத்தில் பூட்டிவிடுவேன் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்.

ஒரு பெண் மட்டும் எப்போதும் ஒரே கேசட்டைத்தான் கேட்பாள். அவளும் அவள் தங்கையும் சேர்ந்து பாடிய கல்யாணப் பாட்டு அது. தங்கையைப் புதூர்நாட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். திருவிழாவுக்குத்தான் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் காலை அந்தக் கேசட்டை முந்தானையில் சுற்றி எடுத்துவந்தாள். சுட்ட அப்பளம் போல அதன் கூடு நெளிந்திருந்தது.

“இன்னாம்மா பண்ண இத?”

“பத்திரமாத்தான்க்கா வெச்சேன். அடுப்புக்கு மேல பரண்ல, வெத சாமையோட. பொகை பட்டா பூச்சி அண்டாதுல்ல?”

எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் வீட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது. அடுத்த வருஷத்துச் சாப்பாடே அங்கேதான் இருக்கும்.

“தங்கச்சி கொரலு போய்ட்ச்சாக்கா?” என்றாள். அந்தப் பாட்டு வேறெதிலும் இல்லை. மேற்பார்வையாளரின் ஜீப் மதியம் வரவேண்டும்.

தையல் மிஷினின் சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கூட்டைக் கழற்றினேன். நாடா சுருள் கெடாமல்தான் இருந்தது. அதை ஒரு புதுக் கேசட்டின் கூட்டுக்குள் மாற்றும்போது கைதவறி, ஒரு பாகம் அவிழ்ந்து தரையில் ஓடியது. அவள் பதறாமல் அதை இரண்டு விரலில் ஏந்திக்கொள்ள, நான் பென்சிலால் சுற்றினேன்.

“மூச்சு வுடாதக்கா, பறந்துடும்.”

“நீ மொதல்ல பேசாத.”

ஓடவிட்டோம். முதல் அடியில் குரல் குடிகாரன் நடப்பது போல ஆடியது. பிறகு இரண்டு பேரும் தெளிவாகப் பாடினார்கள். அவள் தன் குரலைக் காதில் வாங்கவேயில்லை. தங்கை தனியாக இழுக்கும் இடத்தில் மட்டும் சிரித்தாள்.

மேற்பார்வையாளர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கழற்றிப் போட்ட பழைய கூட்டை முகர்ந்து பார்த்தார்.

“இன்னாம்மா, கருவாடு மாதிரி வாட்டிட்டீங்களா? அவ்ளோதான், ஜீப்புல ஏத்துங்க எல்லாத்தையும்.”

“பூட்டி வெச்சா உங்க பீரோதான் சார் கேக்கும்,” என்றாள் அவள்.

அவர் முறைத்தார். அப்போதுதான், அதுவரை அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவந்த நான் பேசினேன். “ரெண்டாவதா ஒண்ணு பதிஞ்சுக்கலாம் சார். மொதல் கேசட்டு பீரோவுல இருக்கட்டும். ரெண்டாவது வெளிய போவட்டும். கெட்டா இன்னொண்ணு பதிஞ்சுக்கலாம்.”

அவர் பீரோவைத் திறந்து, அடுக்கியிருந்த கேசட்டுகளை எண்ணினார். பிறகு ஜீப்பிலிருந்து தன் டேப்ரெகார்டரைக் கொண்டுவந்து எங்களுடையதற்கு எதிரே வைத்தார். இணைக்க வயர் இல்லை. ஒன்று பாட, மற்றது மைக்கில் கேட்டுப் பதிந்தது. பாட்டு முடிகிறவரை மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். வெளியே ஒரு ஆடு கத்தியது. அதுவும் பதிந்துவிட்டது.

“மறுபடி எடுக்கலாமா?” என்றார்.

“இருக்கட்டும் சார். கல்யாணத்துல ஆடு இல்லாமயா?” என்றாள்.

“பரண்ல வெக்காத,” என்று அவளிடம் சொல்லிவிட்டு, தன் டேப்ரெகார்டரை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவள் வந்து இரண்டாவது கேசட்டை வாங்கிக்கொண்டு போனாள். மற்றவற்றையும் பதிய உட்கார்ந்தேன். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைச் சத்தத்தில் ஒன்றும் பதிய முடியவில்லை.