எந்தச் சோதனை எழுதலாம்?

ஆலோசனை சொல்கிற உத்தியோகத்தில் ஒரு சௌகரியம், அதைக் கேட்டு நடக்கவேண்டியவர் வேறு ஆள். கவுன்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

எழுபதுகளில் ரொறன்ரோவில் ஒரு கல்லூரியின் பதிவு அலுவலகத்தில் நான் கிளார்க். கல்லூரி வைக்கும் சோதனையில் தேறினால், அந்தப் பாடத்தை வகுப்பில் இருந்து படிக்கவேண்டாம், கிரெடிட் தந்துவிடுவார்கள். ஒருவர் வருடத்துக்கு ஒரு சோதனைதான் எழுதலாம். தவறினால் அதே பாடத்தை முழு வருடமும் படிக்கவேண்டும். யார் எதை எழுதலாம் என்று சொல்வது என் வேலை. எனக்கே பட்டத்துக்கு ஒரு கிரெடிட் குறைந்தது. அது கிடைத்தால் உள் அறையில் ஆலோசகராக உட்காரலாம். நாற்காலியும் காலியாகத்தான் கிடந்தது.

அம்மாவுக்குக் காகிதம்

சிவலிங்கம் என்ற யாழ்ப்பாணத்து இளைஞர் வணிகம் படிக்க வந்தவர். பௌதிகச் சோதனை எழுதப் போகிறேன் என்றார். அது உங்கள் பட்டத்தில் சேராது, புவியியல் எழுதுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். பௌதிகமே எழுதித் திறமாகத் தேறினார். ஒரு பிரயோசனமும் இல்லையே என்றேன்.

"பரவாயில்லை அண்ணை, பௌதிகத்திலை தேறிட்டன் எண்டு அம்மாவுக்குக் காகிதம் போட்டாச்சு."

மூன்று வருடம்

மிசிசாகாவிலிருந்து ஓர் என்ஜினியர், மதராஸ்காரர், மகளோடு வந்தார். கெட்டிக்காரி. வருடத்துக்கு ஒன்றாக எழுதி, கோடை வகுப்பும் எடுத்தால் நாலு வருடப் பட்டம் மூன்றே வருடத்தில் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். மகள் பேனாவை எடுத்துவிட்டாள். அப்பா அதை வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"வேணாம் சார். மூணு வருஷத்துல முடிச்சு வந்துட்டா, பாதியில நின்னுட்டான்னுதான் சொல்வாங்க."

பதினொரு வருடம்

புஷ்பம் அக்கா ஊரில் பதினொரு வருடம் கணிதம் படிப்பித்தவர். இங்கே பிறம்ரனில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். இந்த நாட்டிலும் படிப்பிக்கவேண்டும் என்ற ஆசையில் வந்து, ஆங்கிலச் சோதனைக்குப் பெயர் கொடுக்கப் போனார். "பெருமைக்கோ பயத்துக்கோ எழுதாதேங்கோ, கையிலை இருக்கிறதை எழுதுங்கோ" என்று கல்குலஸ் படிவத்தை நீட்டினேன். அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, நான் படிப்பிச்சதை நானே எழுதிக் காட்டோணுமோ?"

என் முறை

எனக்கு ஏற்றது அலுவலக நிர்வாகச் சோதனை. கேள்விகளில் பாதி என் அன்றாட வேலை. ஆனால் ஊரில் கணிதத்தில் ஏ எடுத்தவன் நான். அலுவலகம் முழுவதற்கும் அது தெரியும், நான்தான் சொல்லியிருந்தேன். கல்குலஸ் எழுதினேன். பக்கத்து மேசையில் அதையே எழுதிய புஷ்பம் அக்கா, நேரம் முடிய அரை மணி இருக்கும்போதே விடைத்தாளைக் கொடுத்துவிட்டு எழும்பிப் போனார். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

தவறியவர்களுக்குக் கடிதம் அடிப்பதும் என் வேலை. என் பெயருக்கு நானே அடித்து, நானே கையெழுத்து வைத்தேன். கடைசி வரி எல்லாருக்கும் ஒன்றுதான்: மேலதிக ஆலோசனைக்குக் கவுன்டரை அணுகவும். தேறிய கடிதத்தை வாங்க வந்த புஷ்பம் அக்கா, மேசையில் கிடந்த என்னுடையதையும் வாசித்துவிட்டார்.

"தம்பி, எழுத முதல் ஒருக்கால் கவுன்டரிலை கேட்டிருக்கலாமே."

உள் அறை நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். நான் கல்குலஸ் வகுப்பின் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன், ஆகமொத்தம் எனக்கும் ஓர் ஆசனம் கிடைக்கத்தான் செய்தது.