ஹெலிகாப்டருக்குப் பின்னால் நின்றோம்

என் தங்கையின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில், விடுமுறைக்கு வில்லியனூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தவர் ஒரு பொம்மை ஹெலிகாப்டரையும் கொண்டுவந்தார். சின்ன எஞ்சின் வைத்து நிஜமாகவே பறக்கக்கூடியது.

எங்களுக்குள் பேச்சு குறைவு. கல்யாணப் பூசையை எந்த ஊர் மாதா கோயிலில் வைப்பது என்று இரண்டு வீட்டுக்கும் வந்த தகராறில் அதிகம் கத்தியவர்கள் நாங்கள் இருவரும்தான். அதற்குப் பிறகு "வாங்க", "சாப்டீங்களா" என்பதோடு சரி.

ஆனால் ஹெலிகாப்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் ரேடியோ பெட்டியைச் சரிசெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெட்டியில் உள்ள குச்சிகளை அசைக்க, இன்னொருவர் ஹெலிகாப்டர் அதற்கேற்பத் திரும்புகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தங்கை என்னை அனுப்பிவைத்தாள்.

அறுவடை முடிந்த வயலில் ஹெலிகாப்டரை வைத்தோம். அவர் பெட்டியின் ஏரியலை நீட்டிக்கொண்டு அதன் பின்னால் நின்றார். நான் முன்னால் குந்தினேன்.

"வலது பக்கம் தள்றேன். இன்னா ஆவுது?"

"விசிறி இடது பக்கம் சாயுது."

பெட்டியின் சின்ன மூடியைத் திறந்து ஒரு சுவிட்சைத் திருப்பினார். "இப்போ?"

"இப்ப வலது."

எஞ்சினைக் கிளப்பினார். ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்பியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் எதிர்ப்பக்கம் குச்சியைத் தள்ளத் தள்ள இன்னும் சாய்ந்தது. விசிறி அறுத்த தாள்கட்டையில் அடித்து ஒடிந்தது.

அவர் திட்டவில்லை. வயலில் உட்கார்ந்து, தான் நின்ற இடத்தையும் நான் குந்தியிருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "நீங்க என்னப் பாத்துக் குந்திட்டீங்க. உங்க வலது எனக்கு இடதுபா."

எனக்கு முகம் சுண்டிப்போனது. "முதல்லயே எனக்கு உறைக்கல."

"எனக்கு மட்டும் உறைச்சுதா? மாத்துறதுக்கு விசிறி இருக்குது. மச்சான், இந்தப் பக்கம் வாங்க."

கல்யாணத்திற்குப் பிறகு அவர் என்னை மச்சான் என்று அழைத்தது அன்றுதான். புது விசிறியை மாட்டினோம். இருவரும் பின்னால் நின்று ஒவ்வொரு குச்சியாக மறுபடி சோதித்தோம். அடுத்த முறை அது முழங்கால் உயரத்தில், லேசாக ஆடியபடி, காற்றிலேயே நின்றது. வரப்பில் நின்றிருந்த தங்கை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, எறக்கிடுங்க, போதும்," என்றேன்.

விடுமுறை முடியும்வரை தினமும் சாயங்காலம் வயலுக்குப் போனோம். அவர் திரும்பிப் போகும்போது மெட்ராஸ் விமான நிலையம் வரை நான்தான் உடன் போய் ஏற்றிவிட்டு வந்தேன்.