திங்கட்கிழமைக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு

கட்டாத வீட்டுக்குள் ஆட்களை நடத்திக் கூட்டிப்போவது என் தொழில். வரைபடத்தைக் கொடுத்தால் கணினியில் வீட்டை எழுப்பி, வாசலிலிருந்து கொல்லைவரை திரையில் நடக்க வைப்பேன். சின்ன வீடுகளில் குறை தெரியவில்லை. மாடி, தோட்டம் என்று வேலை பெருத்ததும் அந்த நடை தள்ளாடியது. போன மாதம் வலியசாலையில் எங்கள் வீட்டுக்கே வந்து பார்த்த ஒரு குடும்பம், கூடத்தின் நடுவில் படம் உறைந்து நின்றதும் எழுந்து போய்விட்டது. அடுத்த குடும்பம் திங்கட்கிழமை வருகிறது. இதுவும் போனால் பழைய ஆபீசுக்கே திரும்பிவிடுவதாகக் கணவரிடம் வாயை விட்டிருந்தேன். அவர் கேட்கவில்லை, நானாகச் சொன்னது.

கணினியில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டுக்குத்தான் சக்தி போதவில்லை என்று முடிவு கட்டினேன். போன வருஷம் அதை நானே வீடியோ பார்த்து மாட்டினேன். கணவர் டார்ச் பிடித்தார். நடுவில் ஏதோ கேட்டார்.

"தெரியாத விஷயத்துல மூக்க நுழைக்காதேங்கோ" என்றேன். திரையில் படம் வந்தது. ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

புதியது வாங்க மூன்று நாள் படித்தேன். எட்டு ஜி.பி. போதுமா, பன்னிரண்டு வேண்டுமா? பெரிய கார்டை என் பவர் சப்ளை தாங்குமா? தாங்கினாலும் பெட்டிக்குள் நுழையுமா? தையல் டேப்பால் மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் வேறு வேறு அளவு வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

சனிக்கிழமை கணினிப் பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்து ஆட்டோவில் கணினிக் கடைக்குப் புறப்பட்டேன். பழவங்காடியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். வாட் கணக்கு அவருக்குத் தெரியுமோ என்ற கவலையும் கூடவே வந்தது.

கடைப்பெண் பெட்டியைத் திறக்கவே இல்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்து, "சேச்சி, மானிட்டர் கேபிள் எவிடயாணு குத்துன்னது?" என்றாள்.

மானிட்டர் கேபிளை நான் எப்போதும் குத்துகிற, மேலே இருந்த துளையைக் காட்டினேன். அது மதர்போர்டின் துளை; அதில் குத்தினால் படம் கார்டு வழியாக வராதாம். கார்டின் துளைகள் கீழே இருந்தன. அவற்றில் கம்பெனி போட்டனுப்பிய கறுப்பு ரப்பர் மூடிகள் அப்படியே இருந்தன. ஒரு வருஷமாக என் கார்டு சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது. அவள் மூடியைப் பிடுங்கி, கடை மானிட்டரை அங்கே இணைத்தாள். திங்கட்கிழமை காட்டவேண்டிய வீடு திரையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மாடிப்படியில்கூட நிற்கவில்லை. பிழைத்தேன் என்று மூச்சு வந்தது. கூடவே, கணவர் அன்று கேட்டதும் நினைவுக்கு வந்தது.

வீட்டில், "புதுசு எங்கே?" என்றார்.

"வாங்கலை." மூடியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இந்த மூடியக் கழட்ட வேண்டாமோன்னு அன்னிக்கே கேட்டேளே."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானா? ஞாபகமில்லையே."

கல்யாணச் சாப்பாட்டில் எங்கள் வீட்டார் ரசத்தில் உப்பு மறந்ததை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறவர். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அலமாரியிலிருந்து டார்ச்சை எடுத்துவந்து, மேஜைக்குப் பின்னால் குனிந்து வெளிச்சம் காட்டினார். கேபிளை அவர் கையில் கொடுத்தேன்.

"எங்கே குத்தணும்னு நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.