மாணிக்க கங்கை மணல்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கொத்து வேலையில் இருபத்தெட்டு வருடம் ஆகிறது. மணலைப் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று தெரியும். ஈரக் கையில் ஒரு சிட்டிகை போட்டுத் தேய்க்க வேண்டும். எங்கள் பசறைப் பக்கத்தில் ஓடும் ஓயா மணலில் காக்காப்பொன் அதிகம். உதறினாலும் உள்ளங்கை மினுங்கும். அதில் பூசினால் சுவர் உரியும். கதிர்காமத்து மாணிக்க கங்கை மணல் பருமன். சிவப்புக் கல் துகள் கலந்திருக்கும். அங்கே ஒரு மடம் கட்டியபோது ஆறு மாதம் அதைச் சலித்திருக்கிறேன்.

பதுளை ஆஸ்பத்திரியில் என் மனைவிக்குப் பெரிய ஆபரேஷன் நடந்தது. பிழைத்தால் கதிர்காமத்து ஆற்று மணலை முதல் கல்லுக்கு அடியில் போட்டுத்தான் வீடு கட்டுவேன் என்று அவள் நேர்ந்திருந்தாள். மறுவருடம் தோட்டத்தில் எங்களுக்குக் கிடைத்த ஏழு பேர்ச் அளவுக் காணியில் அத்திவாரம் வெட்டினோம். அவளால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. அவளுக்காக அவள் தம்பி போனார்.

கல் வைக்கிற காலையில் மணல் பொட்டலத்தைக் கொடுத்தார். பழக்கத்தில் கையை நனைத்துத் தேய்த்தேன். கை மினுங்கியது. சிவப்பு ஒன்றுகூட இல்லை. அவரைச் சிமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் கூப்பிட்டேன்.

“மச்சான், இது நம்ம ஓயா மணலு.”

“மெதுவா பேசுங்க மச்சான். போனேன், குளிச்சேன், சாமி கும்புட்டேன். மணல எடுக்கத்தான் மறந்துட்டேன். பசறையில பஸ்ஸ விட்டு எறங்கினப்பதான் ஞாபகம் வந்துச்சு. மணலுக்கு வாயா இருக்கு?”

தோட்டத்து லய வீடுகளின் சனம் சுற்றி நின்றது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கல்லை வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் நேர்ந்தவள் அவள். அவளிடம் கையை நீட்டி, “இது அங்க உள்ளதில்ல” என்றேன்.

அவள் தம்பியைப் பார்த்தாள். “ஏன்டா, வழியில டீ குடிச்ச கடையெல்லாம் ஒன்னு விடாம சொன்னியே!”

நல்ல நேரம் போய்விடும் என்று யாரோ சொன்னார்கள்.

“போகட்டும். வேற நேரம் பாத்துக்குவோம்” என்றாள்.

மச்சான் அன்றே மறுபடி கதிர்காமம் போக மொனராகலை பஸ் ஏறினார். இரண்டு நாள் மழை. குழியில் நின்ற தண்ணீரை வாளியால் இறைத்தேன். மூன்றாம் நாள் அரை மூட்டை மணலோடு வந்தார்.

“வீட்டையே இதுல கட்டிறலாம் அக்கா.”

“மொதல்ல அவரு கையில போடு.”

தேய்த்தேன். எல்லாரும் என் கையையே பார்த்தது கூச்சமாக இருந்தது. சிவப்பு இருந்தது. தலையை ஆட்டினேன். அவள் ஒரு பிடி அள்ளிக் குழியில் போட்டாள். நான் கல்லை இறக்கினேன்.