கூரை எட்டாத சுவரும் சில நியாயங்களும்

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர்கள் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். அதற்கு மேல் புகையும் பேச்சும் எல்லாருக்கும் பொது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் கடைசி வீட்டுக்கும் மணக்கும். புருஷன் பெண்டாட்டி சண்டையும் அப்படித்தான். ஆனால் சுவருக்கு அப்பால் கேட்டதைக் கேட்டதாக யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது. அந்த மரியாதை இல்லாவிட்டால் லயத்தில் குடித்தனம் நடத்த முடியாது.

ஐம்பதுகளில் நான் அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் முதல் குழந்தை, பெண், பிறந்த அன்றே இறந்துபோனது. நான் ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தேன். மருந்துக்காரரை அழைத்துவர ஓடிய என் கணவர் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கத்தோலிக்கச் சாமியார் எங்கள் தோட்டத்துக்கு மாதம் ஒருமுறைதான் பூசைக்கு வருவார். ஆகவே பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லை, கல்லறையின் மந்திரித்த நிலத்தில் இடமும் இல்லை என்றார், சாமியார் இல்லாத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொண்ட உபதேசியார். கல்லறை வேலிக்கு வெளியே, தேயிலைச் செடி ஓரத்தில், என் கணவரே குழி தோண்டினார். அதற்குப் பிறகு அவர் பூசைக்கு வரவில்லை. பூசை நாள் பார்த்துத் தொழிற்சாலையில் வேலை கேட்டு வாங்கிக்கொள்வார்.

அவருக்கு விசுவாசம் போய்விட்டது என்று நான் முடிவு கட்டினேன். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், வாதத்தில் தோற்பதென்றால் எனக்கு ஆகாது. சாமியாரிடம் கேட்டு, சத்திய வேதத்துக்கு நியாயம் சொல்லும் நூல்களை வரவழைத்தேன். மாதா மாதம் அவருடைய பையில் ஒன்றிரண்டு வரும். அசைகிற எதையும் முதலில் அசைத்தவர் ஒருவர் வேண்டும் என்று நிதானமாகப் படிகட்டிக்கொண்டு போகும் பழங்காலத் துறவி ஒருவர். நம்புவதில் நட்டமில்லை என்று சூதாடியைப் போலக் கணக்குப் போட்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர். எதிர்க்கட்சிக்காரரைச் சிரிக்கவைத்தே மடக்கிவிடும் ஆங்கிலேயர் ஒருவர். எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான். பாதி புரியாவிட்டாலும் விடமாட்டேன், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிப்பேன்.

பொழுது சாய்ந்ததும் ரொட்டி தட்டிக்கொண்டே ஆரம்பித்துவிடுவேன். அவர் அடுப்புப் பக்கம் குந்தியிருந்து கேட்பார், மறுத்துப் பேச மாட்டார். நான் ஏதாவது நன்றாக மடக்கிச் சொன்னால் பக்கத்துக் காம்பராவில் இருமல் நிற்கும். மறுநாள் யாரும் ஒன்றும் கேளாதவர்கள்போலவே இருப்பார்கள். ஜெயித்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன். ஒரு சாயங்காலம் அவர் வாயைத் திறந்தார்.

"ஆண்டவர் இல்லேன்னு நான் எப்ப சொன்னேன்? இருக்காரு. நீ தெனமும் அதையேதான் நிரூபிக்கிற. இருந்துக்கிட்டே எம் புள்ளைய வேலிக்கு வெளிய போட்டுட்டாரே, அதுக்கு உம் புஸ்தகத்துல என்ன இருக்கு?"

ஞானஸ்நானமில்லாமல் போன குழந்தைகளுக்கு மோட்சமும் இல்லாத, வேதனையும் இல்லாத ஓர் இடத்தைப் பற்றி அந்த நூல்களில் எழுதியிருந்தது. அந்தப் பக்கங்கள் வந்தால் நான் புரட்டிவிடுவேன். ரொட்டி கருகியது. நான் அழுதேன்.

அப்போதுதான் பக்கத்துக் காம்பரா அக்கா வாசலில் வந்து நின்றார். நெற்றியில் திருநீறு மாறாத, தேயிலை பறிக்கும் கொழுந்துக்காரி. எனக்குப் பிரசவம் பார்த்தவரும் அவர்தான். லயத்து மரியாதையை மீறி, பேசியது கேட்டது என்றார். முன்பு டவுனில் கன்னியாஸ்திரிகளின் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாராம். பிழைக்காது என்று தோன்றும் பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றி என்ன சொல்ல வேண்டும் என்று அங்கே ஆயாமாருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்று எங்கள் பிள்ளைக்கு மூச்சு இழுத்தபோது, கேத்தலில் இருந்த தண்ணீரை ஊற்றி அதைச் சொல்லியிருக்கிறார். பிள்ளை போனதும் பயம் பிடித்துக்கொண்டது. வேறு சாமி கும்பிடுகிறவள் தண்ணீர் ஊற்றியதால்தான் பிள்ளை போயிற்று என்று நாங்கள் சொல்லிவிட்டால்? குழியை வெளியே தோண்டியதையும், வேதக்காரர்கள் பச்சைப் பிள்ளையை அப்படித்தான் அடக்குவார்கள் போலும் என்று நினைத்திருந்தார்.

அந்த ஞானஸ்நானம் செல்லுமா செல்லாதா என்று என் கணவர் கேட்கவில்லை.

"அப்ப புள்ளைக்கு உசுரு இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சு தம்பி. தண்ணி பட்டதும் மூஞ்சியச் சுளிச்சுச்சு. கண்ணத் தொறந்து பாத்துச்சு."

பிள்ளையை உயிரோடு பார்க்காதவர் என் கணவர். அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்து அழுதார். நான் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஆபத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், வேதத்தில் சேராதவரும் கொடுக்கலாம், திருச்சபை செய்வதைச் செய்கிற எண்ணம் இருந்தால் போதும் என்று ஓர் இடத்தில் இருந்தது. அதைச் சத்தமாகப் படித்தேன். லயம் முழுக்க இருமல் இல்லை.

அடுத்த பூசைக்கு வந்த சாமியார் அக்காவை உட்காரவைத்து விசாரித்தார். சொன்ன வார்த்தைகளைத் திரும்பச் சொல்லச் சொன்னார். என்ன நினைத்துக்கொண்டு ஊற்றினீர்கள் என்றும் கேட்டார்.

"சிஸ்டர்மாரு எதுக்கு ஊத்துவாங்களோ, அதுக்குத்தாங்க."

அது போதும் என்றார் சாமியார். பிள்ளையைத் தோண்டி எடுத்து வேலிக்கு உள்ளே அடக்கலாம் என்றும் சொன்னார். என் கணவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"தூங்குற புள்ளைய எழுப்ப வேணாம் சாமி. வேலிய நகத்திக்கிறேன்."

அன்றே கட்டைகளைப் பிடுங்கினார். அக்காவின் வீட்டுக்காரர் கம்பியை இழுத்துப் பிடித்தார். தோட்டத்துத் தேயிலைச் செடி ஒன்றும் வேலிக்குள் வந்துவிட்டது. கங்காணி பார்த்தும் பாராததுபோலப் போனார். சாமியார் தீர்த்தம் தெளித்துப் புது நிலத்தை மந்திரித்தார். நாங்கள் தோட்டத்தை விட்டுப் போகும்வரை அந்த வேலி அந்த ஓர் இடத்தில் மட்டும் வளைந்துதான் இருந்தது.